மழைக்கும் கிணற்றுக்கும் இடையில்

நவம்பர் 12
உப்புவெளியில் இரவெல்லாம் மழை. காலையில் முடிச்சுக் கயிற்றை இறக்கிக் கிணற்றை அளந்தேன். விளிம்பிலிருந்து ஐந்து முழம். நேற்றும் அதே ஐந்து. "பெய்த மழை உடனே கிணற்றுக்கு வந்துவிடுமா?" என்று கேட்டுவிட்டு அம்மா வாளியோடு போய்விட்டார்.

அம்மாவின் கேள்விதான் என் மடிக்கணினியிலும் ஓடுகிறது. என்ஜிசி 5548 என்ற விண்மீன்திரள், ஏறத்தாழ 24 கோடி ஒளியாண்டுக்கு அப்பால். நடுவில் கருந்துளையைச் சுற்றும் வட்டு பிரகாசமானால், வெளியே சுழலும் வாயுவின் ஹைட்ரஜன் நிறமாலைக் கோடு, அதாவது ஹைட்ரஜன் உமிழும் குறிப்பிட்ட நிற ஒளி, சில நாள் கழித்தே வலுக்கிறது. 1989இல் அந்தத் தாமதம் சுமார் 20 நாள். ஒளி 20 நாளில் கடப்பது 52,000 கோடி கிலோமீட்டர். வாயு அவ்வளவு தொலைவில் இருக்கிறது. கோட்டின் அகலம் வாயுவின் வேகத்தைச் சொல்லும். இரண்டையும் சேர்த்தால் கருந்துளையின் நிறையே கைக்கு வந்துவிடுகிறது. அளவுநாடா இல்லாமல், நாட்காட்டியை வைத்து!

நவம்பர் 14
நாலரை முழம். நேற்று அரைச்சாண்தான் ஏறியிருந்தது. ஒரேயடியாக ஏறவில்லை. வாயுவும் அப்படித்தான்: நம் பக்கம் இருப்பது முதலில் பதில் சொல்கிறது, மறுபக்கம் இருப்பது பிந்துகிறது. 20 நாள் என்பது சராசரி.

நவம்பர் 19
நான்கு நாள் அளக்கவில்லை. மின்சாரமும் இல்லை, நானும் நிலாவெளியில் மாமா வீட்டில். விடுபட்ட இடத்தில் நேர்கோடு போட்டு நிரப்பினேன், கை கூசியது.

பதிவில் விழும் இடைவெளி பெரிய வானியலாளர்களையே அலைக்கழித்திருக்கிறது. குவாசார் என்பது கருந்துளையால் மிகப் பிரகாசமாக ஒளிரும் தொலைதூர விண்மீன்திரளின் மையம். 1979இல் கண்டறிந்த இரட்டைக் குவாசாரில், ஒரே குவாசார் ஈர்ப்புவில்லையால், அதாவது இடையிலுள்ள விண்மீன்திரளின் ஈர்ப்பு ஒளியை வளைப்பதால், இரண்டாகத் தெரிகிறது. இரண்டின் ஒளியும் வெவ்வேறு பாதையில் வருவதால், ஒரு பிம்பத்தின் ஒளிமாற்றம் மற்றதில் பிந்தி வரும். 415 நாளா, 536 நாளா என்று பல ஆண்டு வழக்கு. 1994 டிசம்பரில் முதல் பிம்பம் சட்டென்று மங்கியது. 415 சரியென்றால் இரண்டாவது 1996 பிப்ரவரியில் மங்க வேண்டும். மங்கியது. தீர்ப்பு, 417 நாள். காத்திருந்து பார்த்தவர்களைத்தான் எனக்குப் பிடிக்கிறது.

நவம்பர் 21
என்ஜிசி 5548இன் 1989ஆம் ஆண்டுப் பழைய பதிவுகளில், வட்டின் ஒளியையும் கோட்டின் ஒளியையும் நாள்நாளாக நகர்த்தி நகர்த்திப் பொருத்தினேன். ஒட்டுறவு, அதாவது இரண்டும் ஒத்துப்போகும் அளவு, 19 நாளில் உச்சம். பதின்மூன்று ஆண்டுப் பதிவையும் சேர்த்ததும் ஓர் ஆண்டுக்கருகே இன்னொரு மேடு எழுந்தது. அதை நம்பவில்லை, வருடந்தோறும் வெயிலோன் மறைக்கும் மாதங்களின் வேலையாக இருக்கும்.

கிணற்றைப் பார்க்கப் போனால் கயிற்றைக் காணவில்லை. முடிச்சுகளை அவிழ்த்து அம்மா துணி காயப் போட்டிருக்கிறார்.