நாலு பிள்ளைகளோடு சிவனொளிபாதம்

இலங்கையின் சிவனொளிபாத மலை ஏறிய கதையை ஒரே வீட்டுப் பிள்ளைகள் நாலு பேரிடம் தனித்தனியே கேட்டுப் பாருங்கள். கடைக்குட்டி மேலே மணியடித்ததைச் சொல்வான். நடுவில் உள்ள ரெண்டும் விறைத்த குளிரையும், வழியில் வாங்கித் தின்ற கடலையையும் சொல்லும். மூத்த அக்கா மட்டும் அந்த இரவு முழுக்க ஒன்று, ரெண்டு, மூணு என்று தலை எண்ணிக்கொண்டே நடந்ததைச் சொல்வாள். சூரியன் எழும்பிய நேரத்தில்கூட யாரோ ஒரு தம்பியின் சப்பாத்துக் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்திருப்பாள்.

தேயிலைத் தோட்டத்தில் இது புதிதல்ல. அம்மா மலைக்குக் கொழுந்தெடுக்கப் போனால், பிள்ளைக் காம்பராவில் (தோட்டத்துக் குழந்தைகள் காப்பகம்) விட்ட சின்னதை இடுப்பில் தூக்கி லயத்து வீட்டுக்குக் கொண்டு வருவது முதல் மூத்தவளின் வேலைதான். அதையே இங்கே இருட்டில், ஏறக்குறைய 5,500 படிகளில் செய்ய வேண்டியிருக்கிறது. ஆகவே பிள்ளைகளோடு போகிற குடும்பம் பயணத்தை அவளிடம் கேட்டுத் திட்டமிடுவது நல்லது. எந்தத் தம்பிக்கு பஸ்ஸில் வாந்தி வரும், எந்தத் தங்கச்சி கூட்டத்தில் கையை உதறிவிட்டு ஓடுவாள் என்பதெல்லாம் அப்பாவைவிட அவளுக்குத்தான் தெரியும்.

டிசம்பர் மாத உந்துவப் போயாவில் (பௌர்ணமி நாள்) தொடங்கும் பருவம் மே மாத வெசாக் போயாவோடு முடியும். தொடக்கத்தில் மலையின் காவல் தெய்வமான சமனின் திருவுருவத்தைப் பெல்மதுளை விகாரையிலிருந்து ஊர்வலமாக மேலே கொண்டு போவார்கள். பருவ காலத்தில் வழி நெடுக மின்விளக்கு எரியும், தேத்தண்ணிக் கடைகள் திறந்திருக்கும். மற்ற மாதங்களில் மழை, மூடுபனி, அட்டை, இருட்டு. பிள்ளைகளோடு அப்போது போகவே கூடாது.

பருவத்துக்குள்ளும் நாள் பார்க்க வேண்டும். ஜனவரியும் பெப்ரவரியும் வானம் தெளிவான மாதங்கள், குளிரும் அப்போதுதான் கூடுதல். ஏப்ரல் விடுமுறையில் குளிர் குறையும், ஆனால் பின்னேரங்களில் இடி மழை வந்து படியை ஈரமாக்கிவிடும். போயா இரவையும் சனிக்கிழமை இரவையும் தவிருங்கள். கூட்டம் உச்சிக்குக் கீழே உள்ள மகாகிரிதம்பைச் செங்குத்துப் படிகளில் மணிக்கணக்காக அசையாமல் நின்றுவிடும். பெரியவர்களுக்கு அது பொறுமைச் சோதனை. பெரியவர்களின் இடுப்புயரம் மட்டுமே உள்ள ஆறு வயதுப் பிள்ளைக்கோ மூச்சு முட்டும். வார நாளில் போனால் பேர் விழாது (அன்றைய கூலி கிடைக்காது) என்ற கவலை தோட்டத்தில் இருக்கத்தான் செய்யும். ஒரு நாள் பேர் போனாலும் வார நாளே மேல் என்பது என் கணக்கு.

இன்னொன்றையும் நாள் குறிக்கும்போதே பார்க்க வேண்டும். இந்த மலையில் பெண்களுக்கு வயதுத் தடை கிடையாது. கைக்குழந்தை முதல் அம்மாயி வரை எல்லோரும் ஏறுகிறார்கள். ஆனாலும் நம் வீடுகளில் தீட்டு நாளில் போகும் வழக்கமில்லை. அப்பா போயாவையும் லீவையும் மட்டும் பார்த்து நாள் குறித்துவிடுவார், கடைசியில் வயதுக்கு வந்த மூத்தவள் வீட்டுக் காவலுக்கு நின்றுவிடுவாள். அம்மாவும் மகளும் கலண்டரைப் பார்த்த பிறகே நாளைச் சொல்லுங்கள்.

பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு நல்லதண்ணி வழி ஒன்றுதான் சரி. இரத்தினபுரிப் பக்கமிருந்து பலாபத்தலை வழியும், குருவிட்டை எரத்னை வழியும் இருக்கின்றன. இரண்டும் நீளம், கடைகளும் குறைவு. ஹட்டன் வரை ரயிலில் வந்து, அங்கிருந்து டிக்கோயா, நோர்வூட், மஸ்கெலியா வழியாக நல்லதண்ணிக்கு பஸ் பிடிக்க வேண்டும். பாதை முழுக்க வளைவு. வாந்தி வரும் பிள்ளைக்கு ஏறுமுன் பால் தேத்தண்ணி கொடுக்காதீர்கள். ரெண்டு பிஸ்கட்டோடு ஒரு வாய் இஞ்சி பிளேன்டி போதும். பஸ்ஸின் முன்பக்கம் ஜன்னலோரம் உட்கார வைத்து, கையில் ஒரு தேசிக்காயைக் கொடுத்து முகரச் சொல்லுங்கள். மஸ்கெலியா தாண்டும்போது மவுசாகலை நீர்த்தேக்கம் தெரியும். 1960களின் கடைசியில் பழைய மஸ்கெலியா டவுன் அந்தத் தண்ணீருக்குள் போனது. வறட்சியில் நீர் இறங்கினால் பழைய கோயிலும் விகாரையும் பள்ளிவாசலும் வெளியே தெரியும். தாத்தா, அம்மாயி யாராவது கூட வந்தால் பிள்ளைகளுக்கு அந்தக் கதையை அங்கே சொல்லலாம். வயிறு பிரட்டுவதும் கொஞ்சம் மறந்துபோகும்.

சாமான் விஷயத்தில் எல்லோரும் செய்யும் தப்பு, அளவுக்கு மீறிச் சுமப்பது. ரெண்டு பெரியவர், நாலு பிள்ளை என்றால் தேங்காய் ரொட்டி பதினைந்து, மாசிக் கருவாடு சேர்க்காத கட்டச் சம்பல் கொஞ்சம், பேரீச்சம்பழம், கருப்பட்டித் துண்டு, இவ்வளவு போதும். பலர் ஒரு வாரமாவது மச்சம் தவிர்த்து விரதமிருந்து வருவதால் சாப்பாடு சைவமாகவே இருக்கட்டும். தண்ணீர் ஆளுக்கு அரை லீற்றர் போத்தல். ஜீவனி (உடலில் நீர் வற்றாமலிருக்கக் குடிக்கும் உப்புச் சர்க்கரைத் தூள்) கலப்பதானால் ஒரு பக்கெட்டுக்கு ஒரு லீற்றர் தண்ணீர், அதாவது ரெண்டு போத்தல். அரை லீற்றரில் முழுப் பக்கெட்டைக் கொட்டினால் உப்பு கூடி, பிள்ளைக்கு நன்மைக்குப் பதில் கெடுதல்தான் வரும். வலிக்குப் பூசும் சித்தாலேப ஒரு டப்பி, பிளாஸ்டர், டோர்ச் ரெண்டு, கழிப்பறைக்குச் சில்லறைக் காசு. புதுச் சப்பாத்து வேண்டவே வேண்டாம். பள்ளிக்கூடத்துக்குப் போட்டுப் பழகிய சப்பாத்தும், தடித்த மேஸும் (காலுறை) போதும். குதிகால் உரசும் பிள்ளைக்கு ஏறுமுன்பே பிளாஸ்டர் ஒட்டிவிடுங்கள், கொப்புளம் வந்த பிறகு ஒட்டிப் பயனில்லை.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, ஆளுக்கொரு உலர்ந்த பனியனும் சேர்ட்டும். ஏறும்போது குளிராது, வியர்க்கும். உச்சி 2,243 மீற்றர். காற்றடித்தால் வியர்வையில் நனைந்த துணி ஐஸாகிவிடும். பிள்ளைகள் அங்கே நடுங்கி அழுவதற்குக் காரணம் குளிரைவிட ஈரத் துணிதான். கம்பளிச் சட்டையை அதன் மேலே போட்டால் ஈரம் உள்ளேயே நிற்கும். உச்சிக்குக் கீழே உள்ள கடைசித் தேத்தண்ணிக் கடையில் உடம்பைத் துடைத்து, உடுப்பை மாற்றி, அதன் பிறகு கம்பளியும் மங்கி கெப்பும் போடுங்கள். மேலே போய் மாற்றலாம் என்றால் கூட்டத்தில் கையைத் தூக்கக்கூட இடம் இருக்காது.

திடமான ஆள் மூன்று, நாலு மணித்தியாலத்தில் ஏறிவிடலாம். சின்னப் பிள்ளைகளோடு ஆறு வையுங்கள். விடியப்புறம் ஐந்தரைக்கு மேலே நிற்க, இரவு பதினொன்றரைக்கு நல்லதண்ணியில் நடக்கத் தொடங்க வேண்டும். அதற்கு முன் பின்னேரமே பிள்ளைகளை மூன்று மணித்தியாலமாவது தூங்க வைக்க வேண்டும். முன்கூட்டியே போய்விட்டால் உச்சியில் காத்திருக்காதீர்கள், கீழே கடையில் இருங்கள்.

மகர தோரணத்தைத் தாண்டி ஜப்பானியர் கட்டிய வெள்ளைத் தாதுகோபம் வரை பாதை அவ்வளவு செங்குத்தில்லை. ஆபத்து இங்கேதான் தொடங்குகிறது. பையன்கள் இந்த இடத்தில் பந்தயம் வைத்து ஓடுவார்கள், பாதி வழியில் “அக்கா, தூக்கு” என்பார்கள். நடை வரிசையைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். முன்னால் அம்மாவும் கடைக்குட்டியும், நடுவில் மற்றவர்கள், அப்பா படியின் வெளிப்பக்கம், கடைசியில் அக்கா. மூத்தவள் முன்னால் போனால் திரும்பித் திரும்பிப் பார்த்தே கழுத்து வலிக்கும், படியும் தப்பும். பின்னால் வந்தால் எல்லாத் தலையும் கண்ணுக்குத் தெரியும். வேகம் கடைக்குட்டியின் வேகம்தான். உட்கார்ந்தால் ஐந்து நிமிடம், அதற்கு மேல் போனால் கால் இறுகிவிடும். யாராவது தவறிவிட்டால் என்ன செய்வது என்பதையும் கீழேயே சொல்லிக் கொடுங்கள்: தேடி நடக்கக் கூடாது, பக்கத்துக் கடைக்குள் போய் அங்கேயே நிற்க வேண்டும். அப்பாவின் போன் நம்பர் எழுதிய துண்டு ஒவ்வொரு சேர்ட் பைக்குள்ளும் ஊசி குத்தி இருக்கட்டும்.

சீத கங்குலை ஓடையில் கை கால் முகம் கழுவுவார்கள். குளிப்பது வழக்கம்தான், ஆனால் நடுச்சாமத்தில் பிள்ளைகளுக்குத் தலையில் நீர் தெளித்தால் போதும். மேலே இந்திகட்டுபானை என்ற இடத்தில் முதல் தடவை வருபவர்கள் ஊசியும் நூலும் வைப்பார்கள், வெள்ளை நூலை வழி நெடுக இழுத்துக்கொண்டு போகிறவர்களும் உண்டு. இது பௌத்தர்களின் வழக்கம். முதல் முறை ஏறுபவரை அவர்கள் ‘கோடு’ என்பார்கள். நம் பிள்ளைகளும் ஆசைப்பட்டுக் கேட்பார்கள். நூல் பந்தைத் தம்பி கையில் கொடுத்தால் பத்தாவது படியில் சிக்காகிவிடும், பிரித்தெடுக்க அக்காதான் உட்கார வேண்டும். ஊசியைப் பெரியவர் யாராவது வைத்திருங்கள்.

மகாகிரிதம்பை கடைசிச் செங்குத்து. இரும்புக் கைப்பிடியைப் பிள்ளை உள்பக்கக் கையால் பிடிக்கட்டும், அக்கா ஒரு படி கீழே நிற்கட்டும். தோளில் தூக்கினால் தூக்கியவரின் நிலை குலையும். முடியாத பிள்ளையை முதுகில் சேலையால் கட்டிக்கொள்வதே பத்திரம்.

உச்சியில் சப்பாத்தைக் கழற்ற வேண்டும், தரை ஐஸாக இருக்கும், மேஸைக் கழற்றாதீர்கள். பாதச் சுவட்டை மூடியிருப்பதால் நேராகக் காண முடியாது என்பதை முன்பே சொல்லி வையுங்கள், இல்லாவிட்டால் “எங்கே சாமி கால்?” என்று சின்னது அழும். நமக்கு அது சிவன் பாதம், பௌத்தருக்குப் புத்தர் பாதம், முஸ்லிம்களுக்கு ஆதம் நபியின் பாதம். சீதாவாக்கை மன்னன் முதலாம் இராஜசிங்கன் 16ஆம் நூற்றாண்டில் மலையைச் சைவர் கையில் கொடுத்ததாகச் சூளவம்சம் என்ற பழைய வரலாற்று நூல் சொல்கிறது. இன்று நிர்வாகம் பிக்குகளிடம். நம் கோயில் முறையில் அர்ச்சனைத் தட்டு எதிர்பார்க்காமல், பூ வைத்து, தேவாரம் ஒன்றை வாய்க்குள் பாடி நகர்வதே முறை.

மணியை எத்தனையாவது தடவையோ அத்தனை முறை அடிக்க வேண்டும். கைக்குழந்தையாகத் தூக்கி வந்த தடவை கணக்கா இல்லையா என்று தம்பிமார் அங்கேயே சண்டை பிடிப்பார்கள். எந்த வருடம் யார் வந்தது என்று அக்காவுக்கு நினைவிருக்கும், அவளிடம் கேட்டு அடிக்கலாம். சூரியன் எழும்பியதும் கூட்டம் இறங்கத் தொடங்கும். அவசரப்படாமல் மேற்குப் பக்கம் வாருங்கள். மலையின் நிழல் முக்கோணமாகப் பள்ளத்தாக்கின் மேல் விழுந்து கிடக்கும், சில நிமிடங்களில் கரைந்துவிடும். அந்த நேரம் பிள்ளைகளை அப்பா பிடித்துக்கொள்ளட்டும், மூத்தவள் பார்க்கட்டும்.

விழுவது பெரும்பாலும் இறங்கும்போதுதான். தூக்கக் கண்ணோடு ஓடுவார்கள். பக்கவாட்டில் திரும்பி, ஒவ்வொரு படியிலும் முழுப் பாதத்தையும் வைத்து இறங்கச் சொல்லுங்கள். எட்டு மணிக்கெல்லாம் வெயில் சுடும், கம்பளியைக் கழற்றித் தண்ணீர் கொடுங்கள். அடுத்த ரெண்டு மூன்று நாளைக்குக் கெண்டைக்கால் வலிக்கும், லயத்துப் படியில்கூடப் பின்பக்கமாக இறங்க வேண்டி வரும். சித்தாலேப பூசி வெந்நீர் ஒற்றடம் கொடுத்தால் போதும். திரும்பும் பஸ்ஸில் எல்லாப் பிள்ளைகளும் அக்கா மடியில்தான் தூங்க வருவார்கள். அவளுக்கு மடியில் யாரும் இல்லாத ஒரு சீட் பிடித்துக் கொடுங்கள்.