ஐந்து, ஆறு, ஏழு, எட்டு

என்னுடைய முதல் க்ளோசப் முடிந்ததும் இயக்குநர் மானிட்டரை விட்டு எழுந்து என் பக்கம் வந்தார். "நல்லாத்தான் பண்றீங்க. ஒண்ணு கேக்கலாமா? மனசுக்குள்ள என்ன எண்ணிக்கிட்டு இருக்கீங்க?" என்றார்.

தூக்கிவாரிப் போட்டது. ஆமாம், எண்ணிக்கொண்டுதான் இருந்தேன். அண்ணன் வீட்டைவிட்டுப் போய்விட்டான் என்று அம்மா சொன்னதும் நான் திரும்பிப் பார்க்க வேண்டும். ஐந்து, ஆறு, ஏழு, எட்டு, திரும்பு. பதினொரு வருடம் ஜோடியாக ஆடும் லத்தீன் நடனப் போட்டிகளில் ஆடியவளுக்கு எண்ணாமல் தலையைத் திருப்பக்கூடத் தெரியவில்லை. உதடு அசையவில்லை என்று நினைத்திருந்தேன். கண் அசைந்திருக்கிறது.

நடனத்திலிருந்து தொலைக்காட்சி நடிப்புக்கு எப்படி வந்தாய் என்று கேட்பவர்களுக்கு ஒரே வரியில் பதில் சொல்லிவிடலாம். பத்திரிகைகளில் அப்படித்தான் வரும். ஜூலியான் ஹஃப் போட்டி நடனத்திலிருந்து திரைக்கு வந்தார், நெவ் கேம்பல் கனடாவின் தேசிய பாலே பள்ளியில் படித்துவிட்டு நடிக்கப் போனார் என்று. அந்த 'வந்தார்', 'போனார்' இரண்டுக்கும் உள்ளே எத்தனை வருடம், எத்தனை அசிங்கப்பட்ட நாள் என்று யாரும் எழுதுவதில்லை. எனக்கு அது மூன்றரை வருடம்.

முதலில் போட்டித் தரை எப்படிப்பட்ட இடம் என்று சொல்லிவிடுகிறேன். லத்தீன் பிரிவில் ஐந்து நடனங்கள்: சம்பா, சா சா சா, ரும்பா, பாசோ டோப்லே, ஜைவ். ஒவ்வொன்றுக்கும் ஏறக்குறைய ஒன்றரை நிமிடம். முதல் சுற்றுகளில் நடுவர்கள் மதிப்பெண் எதுவும் போடுவதில்லை. அடுத்த சுற்றுக்கு யார் வரட்டும் என்று முதுகில் குத்தியிருக்கும் எண்ணைப் பார்த்துக் குறித்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். தரையில் ஒரே நேரத்தில் பத்துப் பன்னிரண்டு ஜோடிகள் சுழல்வார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள், ஒரு நடுவரின் கண் நம்மேல் விழுவது சில வினாடிகள். அந்தச் சில வினாடி எப்போது வரும் என்று தெரியாது. அதனால் ஒன்றரை நிமிடமும் முகத்தை உச்சத்திலேயே வைத்திருக்க வேண்டும். கடைசி வரிசைக்கும் தெரியும்படி சிரிக்க வேண்டும். கால் பிசகினால் இன்னும் பெரிதாகச் சிரிக்க வேண்டும். நாங்கள் அதைப் 'போட்டி முகம்' என்போம். ஒப்பனை மாதிரி அது ஒரு பூச்சு. ராத்திரி அறைக்கு வந்து முகம் கழுவிய பிறகும் கன்னம் வலிக்கும்.

முழங்காலில் குருத்தெலும்பு கிழிந்து அறுவை சிகிச்சை செய்துகொண்டபோது எனக்கு 26 வயது. திரும்ப ஆடலாம் என்றார் மருத்துவர். ஆடினேன். ஜைவ் மட்டும் முழங்காலுக்குப் பிடிக்கவில்லை. ஐந்தில் ஒன்று போனால் லத்தீனில் மிச்சம் என்று எதுவும் இல்லை. அந்தக் கதையை நீட்ட விரும்பவில்லை.

நடிப்பு வகுப்பில் சேர்ந்த முதல் நாள் எனக்குக் கொஞ்சம் திமிர் இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். மேடை பயம் கிடையாது, உடம்பு சொன்னபடி கேட்கும், ஒத்திகைக்குச் சலிப்பு கிடையாது. வேறென்ன வேண்டும் என்று நினைத்தேன்.

ஆசிரியர் அறைக்கு வெளியே நிற்கச் சொன்னார். "கதவைத் திறந்து வந்து இந்த நாற்காலில உக்காருங்க. கதை ஒண்ணும் கிடையாது." வந்தேன். உட்கார்ந்தேன். "இன்னொரு தடவை. இது அரங்கம் இல்லை." மறுபடி வந்தேன். ஏழாவது முறையோ எட்டாவது முறையோ, மற்ற மாணவர்கள் நெளிய ஆரம்பித்துவிட்டார்கள். பாதம் வெளிப்பக்கமாகத் திரும்பியிருந்தது, கழுத்து நீண்டிருந்தது, முன்பாதம் முதலில் தரையைத் தொட்டது, உட்காரும்போது கைவிரல்கள் தாமாகவே விரிந்தன. சாதாரணமாக நடக்க எனக்குத் தெரியவில்லை. காலை முதல் இரவு வரை நடந்துகொண்டேதான் இருக்கிறேன், ஆனால் யாராவது பார்க்கிறார்கள் என்று தெரிந்த நொடியில் கால் போட்டிக்குப் போய்விடுகிறது.

குரல் அதைவிடச் சிக்கல். நடனத்தில் வயிற்றை எப்போதும் உள்ளே இழுத்துப் பிடித்திருப்போம், மூச்சு மார்பின் மேல்பகுதியிலேயே ஏறி இறங்கும். அந்த மூச்சில் பேசினால் குரல் தொண்டையிலிருந்துதான் வரும், இரண்டாவது வாக்கியத்திலேயே மெலிந்துவிடும். குரல் பயிற்சி கொடுத்தவர் என்னைத் தரையில் படுக்கவைத்து, வயிற்றின் மேல் ஒரு கனமான புத்தகத்தை வைத்து, "இது மேலே போய்க் கீழே வரணும்" என்றார். புத்தகம் அசையவே இல்லை. பல வருடமாகப் பூட்டி வைத்த வயிறு. அதைத் தளர்த்த நாலு மாதம் ஆனது. தளர்ந்த அன்றைக்குக் காரணமே இல்லாமல் அழுகை வந்தது. அது சகஜம் என்றார் அவர். சகஜமோ என்னவோ, எனக்கு வெட்கமாக இருந்தது.

அப்புறம் மைஸ்னர் பயிற்சி. அமெரிக்காவில் சான்ஃபோர்டு மைஸ்னர் என்ற நடிப்பு ஆசிரியர் உருவாக்கியது. இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து, எதிராளியிடம் கண்ணில் படுவதைச் சொல்ல வேண்டும், அவர் அதையே திருப்பிச் சொல்வார். "நீ கை கட்டியிருக்கே." "நான் கை கட்டியிருக்கேன்." இப்படியே, ஏதாவது மாறும்வரை. கேட்கப் பைத்தியக்காரத்தனமாக இருக்கும். எதிரில் இருப்பவரைக் கவனிக்காவிட்டால் இரண்டே நிமிடத்தில் பிடிபட்டுவிடுவோம் என்பதுதான் விஷயம். நான் முதல் நிமிடத்திலேயே பிடிபட்டேன். சொற்களை ஒரு தாளத்தில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஆடிஷன்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். போட்டியில் தோற்றால் எப்படித் தோற்றோம் என்பது தெரியும். இறுதிச் சுற்றில் ஆறு ஜோடிகளுக்கு ஒவ்வொரு நடுவரும் ஒன்று முதல் ஆறு வரை இடம் கொடுப்பார், பட்டியலை ஒட்டுவார்கள். எந்த நடுவருக்கு என்னைப் பிடித்தது, யாருக்குப் பிடிக்கவில்லை, ரும்பாவில் எத்தனையாவது, எல்லாம் அங்கே இருக்கும். திட்டிக்கொண்டாவது தூங்கலாம். ஆடிஷனில் 'நன்றி' என்பார்கள். அதற்குப் பிறகு ஒன்றும் வராது. வேண்டாம் என்றுகூடச் சொல்ல மாட்டார்கள். அந்த மௌனத்துக்கு என்ன அர்த்தம் என்று மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டேன். எந்த அர்த்தமும் இல்லை என்பதை ஏற்றுக்கொள்ளத்தான் நேரம் பிடித்தது. அவர்கள் தேடிய தங்கைக்கு, ஏற்கெனவே எடுத்துவிட்ட அக்காவின் சாயல் வேண்டியிருந்திருக்கலாம்.

பாதி ஆடிஷன்கள் வீட்டிலிருந்தே நாமே படம்பிடித்து அனுப்பும் செல்ஃப் டேப். இதில் நான் செய்த தப்பை நடனத்திலிருந்து வருகிற எல்லோரும் செய்வார்கள் என்று அடித்துச் சொல்வேன். முழு உடம்பும் தெரிகிற மாதிரி கேமராவைத் தூரத்தில் வைப்பேன். உடம்புதானே என் சொத்து! மார்புக்கு மேல், கண் மட்டத்தில் கேமரா, பின்னால் வெறும் சுவர், பார்வை லென்ஸுக்கு ஒட்டினாற்போல் பக்கத்தில், மறு வசனத்தை வாசிக்க ஒருவர். இவ்வளவுதான் வேண்டும். வாசிப்பவர் நன்றாக வாசிக்க வேண்டும் என்பது கூடுதலாகத் தெரிந்துகொண்டது. என் தம்பி தொலைபேசி எண் ஒப்பிப்பதுபோல் வாசிப்பான். பாவம், அவன்மேல் எரிச்சல்பட்டே இரண்டு வாய்ப்பு போனது.

கிடைத்த முதல் மூன்று வேடங்கள் என்ன தெரியுமா? நடனக்காரி, நடன ஆசிரியை, நடனப் போட்டியில் தோற்கிறவள். பெயர்கூட இல்லாத பாத்திரங்கள். ஒரு கட்டத்தில் சுயவிவரத்தில் நடனத்தைக் கடைசி வரிக்குத் தள்ளினேன். அதன் பிறகுதான் ஒரு தினசரித் தொடரில் தங்கை வேடம் வந்தது. கதாநாயகிக்கு இல்லை, வில்லனுக்கு. பரவாயில்லை.

படப்பிடிப்புத் தளத்தில் நடனம் கைகொடுத்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். தரையில் ஒட்டிய டேப்பைக் குனிந்து பார்க்காமல் அதில் போய் நிற்பேன். நெரிசலான தரையில் மற்ற ஜோடிகள்மேல் மோதாமல் ஆடியவளுக்கு அது பெரிய விஷயமில்லை. கண்டினியூட்டியில் என்னை அடிக்க ஆளில்லை. முதலில் மொத்தக் காட்சியையும் தள்ளி வைத்து எடுப்பார்கள், அப்புறம் அதையே ஒவ்வொருவரின் பக்கமும் க்ளோசில். எந்தச் சொல்லில் பையை எந்தக் கையில் மாற்றினேன், எந்தச் சொல்லில் உட்கார்ந்தேன் என்பதை ஒவ்வொரு முறையும் அப்படியே செய்தால்தான் எடிட்டிங்கில் ஒட்டும். கண்டினியூட்டி பார்க்கும் உதவி இயக்குநர் என்னிடம் வந்து மற்றவர்கள் எந்தக் கையில் எதை வைத்திருந்தார்கள் என்று கேட்பார். அதில் எனக்கு அவ்வளவு பெருமை.

ஆனால் அந்தக் க்ளோசப். எண்ணுவதை நிறுத்துங்கள் என்று இயக்குநர் சொல்லிவிட்டுப் போய்விட்டார். எப்படி நிறுத்துவது என்று சொல்லவில்லை. நிறுத்தினேன், நிறுத்தியதும் எப்போது திரும்புவது என்று தெரியாமல் விழித்தேன். மூன்று டேக் வீண். லைட்மேன்கள் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்கள்.

அம்மாவாக நடித்த அக்கா முப்பது வருடமாக நடிப்பவர். லைட் மாற்றுகிற இடைவெளியில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"டான்ஸ்ல உன் ஜோடி அடுத்து எந்தப் பக்கம் போவாருன்னு உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்க்கா. பழகின ஸ்டெப் தானே."

"அப்ப அவருக்கு முன்னாடி நீ போயிடுவியா?"

"ஐயோ, போனா மாஸ்டர் கொன்னுடுவார். அவர் கை சொல்றவரைக்கும் நிக்கணும்."

"தெரிஞ்சும் நிப்பே."

"ஆமா."

"அப்புறம் இங்க மட்டும் ஏண்டி எனக்கு முன்னாடி ஓடறே?" என்று என் முதுகில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு எழுந்து போனார்.

லத்தீனில் பெண் பின்தொடர்பவள். ஜோடியின் உள்ளங்கையில் வரும் சின்ன அழுத்தத்துக்காக உடம்பு காத்திருக்கும். நிமிடத்துக்கு 25 முதல் 27 'பார்' (நாலு தட்டு கொண்ட தாளச் சுற்று) மட்டுமே ஓடும் ரும்பாவில் அந்தக் காத்திருப்புதான் நடனமே. முன்கூட்டியே போனால் பார்ப்பவர்களுக்குத் தெரியாமல் போகலாம், கையைப் பிடித்திருப்பவருக்குத் தெரிந்துவிடும். இதை ஆயிரம் தடவை கேட்டிருக்கிறேன். நடிக்க வந்ததும் வசனத்துக்குக் கை கிடையாது என்று நினைத்துக்கொண்டேன்போல.

நாலாவது டேக். அக்கா ஒத்திகையில் விட்டதைவிட ரொம்ப நேரம் பேசாமல் நின்றார். வேண்டுமென்றேதான். வழக்கமாக எட்டு முடிந்து அடுத்த எட்டும் ஓடியிருக்கும். அவர் தொண்டையில் எச்சில் இறங்கியதைப் பார்த்தேன். சொல்லப் போவது எனக்குப் பிடிக்காத ஒன்று என்று அப்போதே தெரிந்துவிட்டது. "உங்கண்ணன்..." என்று ஆரம்பித்தவர் முடிப்பதற்குள் நான் திரும்பியிருந்தேன்.

"கட்."

"சார், பை!" என்று கண்டினியூட்டி உதவி இயக்குநர் பதறினார். "போன ஷாட்ல இடது கைல இருந்தது. இப்ப வலதுல இருக்கு."

குனிந்து பார்த்தேன். வலது கையில்தான் இருந்தது. எப்போது மாற்றினேன் என்று நினைவே இல்லை.

இயக்குநர் மானிட்டரை விட்டுத் தலை நிமிரவில்லை. "இது க்ளோஸ்ப்பா. கை ஃப்ரேம்லயே இல்லை. அடுத்த ஷாட் போலாம்."