ஆறு இறக்கை வைத்தால் மின்சாரம் கூடுமா?

ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக ஆனி, ஆடிக் காற்று இரைந்து வரும் நாட்களில், முப்பந்தல் பக்கம் பேருந்தில் போகும் பிள்ளைகள் காற்றாலைகளை எண்ணிக்கொண்டே போவார்கள். தோவாளையில் சனிக்கிழமைகளில் நான் நடத்தும் அறிவியல் வகுப்பில், ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்திதான் முதன்முதலாக, "மூணுக்குப் பதிலா ஆறு இறக்கை வச்சா கரண்டு ரெண்டு மடங்கு வருமா சார்?" என்று கேட்டாள்.

நான் விடை சொல்லவில்லை. அவரவர் ஊகத்தையும் அதற்கான காரணத்தையும் முதலில் நோட்டில் எழுதச் சொன்னேன். கணினியைத் தொடும் முன் இதைச் செய்யாவிட்டால், வடிவமைப்புக் கருவி வெறும் படம் வரையும் பலகையாகிவிடும் என்பது என் உறுதியான கருத்து. மென்பொருளின் பொத்தான்களை வரிசையாக மனப்பாடம் செய்வித்துச் சான்றிதழ் கொடுக்கும் வகுப்புகளைப் பார்த்து வருந்தியிருக்கிறேன்.

2011 முதல் இணையத்தில் இருக்கும் டிங்கர்கேட் என்னும் முப்பரிமாண வடிவமைப்புக் கருவியில் இறக்கைகளை வரைந்து, தாளில் அச்சிட்டு, அந்த அளவிலேயே அட்டையில் வெட்டினார்கள். தக்கையில் செருகி, சிறிய மோட்டாரில் பொருத்தி, மேசை விசிறியின் முன் வைத்து, மல்டிமீட்டரில் வோல்ட் பார்த்தோம். திரையில் மிக அழகாக இருந்த ஓர் இறக்கை, சாய்வே இல்லாமல் காற்றுக்கு நேராக நின்றதால், அசையவே இல்லை.

அந்த மாணவியின் ஆறு இறக்கைகள் சுழன்றன. வோல்ட்டும் சற்றுக் கூடியது, ஆனால் இரு மடங்காகவில்லை. அவள் மகிழவில்லை. நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "சாய்வையும் சேத்து மாத்திட்டேன் சார், எதுனால கூடிச்சுன்னு தெரியல" என்றாள். அன்று வகுப்பில் நடந்தவற்றுள் இதையே நான் பெரிதாகக் கருதுகிறேன், ஏனெனில் தனக்குச் சாதகமாக வந்த முடிவையே அவள் சந்தேகித்தாள். பழைய வடிவத்தை நகலெடுத்து, சாய்வை அப்படியே வைத்து, எண்ணிக்கையை மட்டும் மாற்றி மறுபடியும் வெட்டினாள். பிழையைத் திருத்திப் பார்ப்பது இத்தனை எளிதாவதால்தான் இக்கருவிகளை நான் விடாமல் பயன்படுத்துகிறேன்.

அடுத்த வாரம், உண்மையான இறக்கை அடியில் ஒரு சாய்வாகவும் நுனியில் வேறு சாய்வாகவும் முறுக்கியிருப்பதைக் கவனித்து வந்து சொன்னாள். ஒரே சுற்றில் நுனி கடக்கும் தூரம் மிக அதிகம் என்பதை நூல் கட்டி அளந்து பார்த்தோம். இந்தச் சனிக்கிழமை ஒவ்வோர் இறக்கையையும் மூன்று துண்டாகப் பிரித்து, துண்டுக்கு ஒரு சாய்வு கொடுக்கப் போகிறார்கள். ஊகங்களை எழுதி முடித்துவிட்டார்கள்.