எனாமல் குக்கரில் காய்ந்து இறுகிய கறையைப் போக்கிய கதை

களுவாஞ்சிக்குடியில் அம்மா வீட்டிலிருந்த நாலு அடுப்பு காஸ் குக்கரைப் பழைய இரும்பு வாங்குபவரிடம் போக விடாமல் கல்லடிக்குக் கொண்டுவந்தேன். வெள்ளை எனாமல் மேல்தட்டு, நல்ல கனமான தகடு. 2022இல் இலங்கையில் காஸ் தட்டுப்பாடு வந்தபோது அம்மா முற்றத்தில் விறகடுப்பு மூட்டிவிட்டு இதைப் பின் விறாந்தையில் ஒதுக்கி வைத்தவர். கடைசியாகப் பொங்கி வழிந்ததெல்லாம் துடைபடாமல் அப்படியே இறுகிவிட்டது. காஸ் திரும்பக் கிடைத்தபோது புதுச் சின்ன அடுப்பொன்று வாங்கியதால், இதை யாரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை.

அடுப்பைச் சுற்றி, தேங்காய்ப்பால் வழிந்து கருகிய கறுப்பு வளையம். ஓரங்களில் தூசியும் எண்ணெயும் சேர்ந்த மஞ்சள் பிசுக்கு. இடையிடையே குழம்பு தெறித்த மஞ்சள் புள்ளிகள். பின்பக்கம் தண்ணீர் நின்று காய்ந்த வெள்ளைத் திட்டு. எல்லாவற்றையும் ஒரே கறை என்று நினைத்துத் தேய்க்கக் கூடாது. ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு.

அம்மா போனில், “என்னகா புள்ள, கொஞ்சம் மண்ணப் போட்டுத் தும்பால தேய்ச்சா போயிருமே” என்றார். கரிப் பானைக்கு அது சரி. எனாமல் என்பது கண்ணாடித் தூளை இரும்புத் தகட்டின்மேல் ஏறத்தாழ 800 பாகை செல்சியஸில் உருக்கி ஒட்டவைத்த பூச்சு. மணலிலிருக்கும் குவார்ட்ஸ் அதைவிடக் கடினமானது. தேய்த்தால் கீறல் விழும், அடுத்த கறை அந்தக் கீறலுக்குள் இறங்கிக்கொள்ளும். கம்பித் தும்பையும் இதனால்தான் தள்ளி வைத்தேன். கடைக்காரர் ஒருவர் கழிவறை கழுவும் அசிட்டை ஊற்றச் சொன்னார். கறை போகலாம், எனாமலின் பளபளப்பும் சேர்ந்து போய்விடும். போதாக்குறைக்கு, அந்த அசிட் குளோரின் வெளிறுநீரோடு கலந்தால் நச்சுவாயு கிளம்பும். குசினிக்குள் அந்த வேலையே வேண்டாம்.

முதலில் சிலிண்டரை மூடி ரெகுலேட்டரைக் கழற்றினேன். கம்பித் தாங்கி, பர்னர் மூடி எல்லாம் எடுத்துவிட்டுத் தட்டைச் சுடுதண்ணீரும் பாத்திரம் கழுவும் திரவமும் நனைத்த பழந்துணியால் மூடினேன். தட்டு ஆறியிருக்க வேண்டும் என்பது முக்கியம். கொதிக்கும் எனாமலில் குளிர்தண்ணீர் பட்டால் வெடிப்பு விழும். துணியை எடுத்தபோது ஓரத்து மஞ்சள் பிசுக்கு கையோடு வந்துவிட்டது. கறுப்பு வளையம் மட்டும் அசையவில்லை.

அதற்குத்தான் அப்பச்சோடா. மூன்று பங்கு சோடாவுக்கு ஒரு பங்கு தண்ணீர் விட்டுக் குழைத்து வளையத்தின் மேல் தடிப்பாக அப்பினேன். குழம்புப் புள்ளிகள் மேல் பட்ட இடமெல்லாம் சட்டென்று செம்பழுப்பாக மாறியது. பார்த்துப் பயப்படத் தேவையில்லை. மஞ்சளிலுள்ள குர்குமின் என்ற நிறப்பொருள், சோடா போன்ற காரம் (அமிலத்துக்கு எதிரானது) பட்டால் அந்த நிறத்துக்குத்தான் மாறும். கழுவியபின் மிஞ்சிய மெல்லிய மஞ்சள், ஜன்னல் வெயில் படும் இடத்தில் குக்கரை வைத்திருக்க நாளடைவில் மங்கிவிட்டது. மஞ்சள் நிறத்துக்கு வெயில் ஆகாது.

அது கச்சான் என்ற வறண்ட காற்று வீசும் காலம். அப்பிய சோடா கொஞ்ச நேரத்திலேயே காய்ந்து தூளாகிவிடும், காய்ந்தால் வேலை செய்யாது. அதனால் மேலே ஈரத்துணி, அதற்கு மேல் பொலித்தீன் பையொன்றை விரித்துப்போட்டு இரவு முழுக்க விட்டேன். காலையில் காலாவதியான வங்கி அட்டையைச் சாய்வாகப் பிடித்து வளையத்தின் விளிம்பில் மெல்லத் தள்ளினேன். முதலில் ஒன்றுமில்லை. அப்புறம் ஓரிடத்தில் விளிம்பு கிளம்பி, அப்பத்தின் தீய்ந்த ஓரம்போல மெல்லிய கறுப்புச் சிம்பாகக் கழன்றது. கீழே வெள்ளை எனாமல் கீறலில்லாமல் தெரிந்தபோது எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. ஒரே தடவையில் எல்லாம் வரவில்லை. வராத இடத்தில் அழுத்தாமல் மறுபடி சோடா அப்பி, மறுபடி மூடி வைத்தேன். அழுத்தத்தை விட ஊறும் நேரம்தான் இங்கே வேலை செய்கிறது.

சோடாவோடு வினாகிரியும் ஊற்றிப் பொங்க வைக்கச் சொல்லிப் பலர் காட்டுகிறார்கள். பொங்குவது பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் காரமும் அமிலமும் ஒன்றையொன்று முறித்துவிடுவதால், குமிழி அடங்கியபின் மிஞ்சுவது அநேகமாக உப்புத்தண்ணீர்தான். வினாகிரியைத் தனியாக, பின்பக்க வெள்ளைத் திட்டுக்கு மட்டும் பயன்படுத்தினேன். அது கிணற்றுத் தண்ணீரின் சுண்ணாம்புப் படிவு. தண்ணீர் கலந்த வினாகிரியில் நனைத்த துணியைச் சில நிமிடம் வைத்து எடுத்து, உடனே நன்றாகக் கழுவினேன். தேசிக்காய்ப் பாதியை வைத்துவிட்டு மறந்துபோனால் அந்த இடம் மட்டும் மங்கிப்போகும்.

பர்னர் மூடிகள் அலுமினியமாக இருந்தால் அவற்றைச் சோடாவில் ஊறப்போடாதீர்கள், கறுத்துவிடும். நான் வெறும் சவர்க்காரத் தண்ணீரில் கழுவி, அடைபட்ட துளைகளை ஊசியால் குத்தி, வெயிலில் நன்றாகக் காயவைத்தேன். ஈரத்தோடு பூட்டினால் சுவாலை மஞ்சளாகத் துள்ளும். மாட்டியபின் ரெகுலேட்டர் மூட்டில் சவர்க்கார நுரை பூசிக் குமிழி வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பற்றவைத்தேன். நீலமாக, சீராக எரிந்தது.

முன்மூலையில் எனாமல் பெயர்ந்து இரும்பு தெரியும் சின்ன இடமொன்று இருக்கிறது. அது கறையல்ல, எந்த மருந்துக்கும் திரும்ப வராது. தண்ணீர் நின்றால் அங்கிருந்து கறள் எனாமலுக்கு அடியில் ஊர்ந்து போகும் என்பதால், சமையல் முடிந்து தட்டு ஆறியதும் அந்த மூலையைத் தனியாகத் துடைத்து ஈரமில்லாமல் விடுகிறேன்.