சோளக்காட்டு ஓரத்தில் ஒரு மூக்குக்கண்ணாடி

மினியாபோலிஸிலிருந்து ஐ-35 நெடுஞ்சாலையில் தெற்கே இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஓட்டினால் அயோவா மாநிலத்தின் கிளியர் லேக் வரும். சின்ன ஏரிக்கரை ஊர். ஊரைத் தாண்டி வடக்கே, சோளக்காடுகளுக்கு நடுவே சரளைச் சாலையில் போய்க்கொண்டே இருந்தால் ஓரிடத்தில் ஆளைவிடப் பெரிய கறுப்பு மூக்குக்கண்ணாடி ஒன்று நிற்கிறது. 1950களின் அமெரிக்க ராக் அண்ட் ரோல் பாடகர் பட்டி ஹாலியின் கண்ணாடி அது.

அங்கிருந்து வேலியோரமாக நடக்க வேண்டும். நான் போனது அக்டோபரில், அறுவடை முடிந்து வெறும் தட்டைகள்தான் மிச்சம், காற்று காதை அறுத்தது. 1959 பிப்ரவரி 3 நள்ளிரவுக்குப் பின் பக்கத்து ஊர் மேசன் சிட்டியிலிருந்து பனியில் கிளம்பிய சிறிய விமானம் சில நிமிடங்களில் இங்கேதான் விழுந்தது. ஹாலிக்கு வயது 22. அவரோடு சுற்றுப்பயணத்தில் இருந்த பாடகர்கள் ரிச்சி வேலன்ஸுக்கு 17, பிக் பாப்பர் ரிச்சர்ட்சனுக்கு 28, விமானி ரோஜர் பீட்டர்சனுக்கு 21. எஃகில் செய்த கிடாரும் மூன்று இசைத்தட்டுகளும் நட்டு வைத்திருக்கிறார்கள், வருகிறவர்கள் நாணயமும் கண்ணாடியும் வைத்துவிட்டுப் போகிறார்கள். விமானிக்கும் தனி நினைவுச்சின்னம் இருந்தது எனக்கு நிறைவாக இருந்தது.

ஏன் விமானம்? சுற்றுப்பயணப் பேருந்தில் ஹீட்டர் வேலை செய்யவில்லை. அந்தப் பயணத்தில் டிரம் வாசித்த கார்ல் பன்ச் என்பவருக்குக் கால் பனியில் உறைந்து மருத்துவமனையில் சேர்க்க வேண்டியதாயிற்று. சீக்கிரம் போய்ச் சேர்ந்து, கொஞ்சம் தூங்கி, அழுக்குத் துணிகளைத் துவைத்துக்கொள்ளலாம் என்றுதான் ஹாலி விமானம் பேசினார். இதை நினைத்தால் இப்போதும் மனசு ஆறவில்லை.

சரி, எல்லோரும் சாவைப் பார்க்கத்தான் இங்கே வருகிறார்கள், நானும் அப்படித்தான் கிளம்பினேன். ஆனால் அப்புறம் போன சர்ஃப் பால்ரூம்தான் இந்தப் பயணத்தில் என்னை உலுக்கிய இடம். ஹாலி கடைசியாக வாசித்த நடன அரங்கம். கடலே இல்லாத ஊரில் கடற்கரை கிளப் மாதிரி கட்டியிருக்கிறார்கள், சுவரில் தென்னை மரங்கள், கீழே மரத்தரை. மேடைக்குப் பின்னாலிருக்கும் அறையில், இங்கே வாசித்தவர்களின் கையெழுத்துகளால் சுவரே தெரியவில்லை.

ஹாலி பிரபலமாக இருந்தது 1957 நடுவிலிருந்து ஒன்றரை வருஷம்தான். ஆனால் அந்த ஒன்றரை வருஷத்தில், தன் பாட்டைத் தானே எழுதி, தன் கூட்டாளிகளோடு தானே வாசித்துப் பதிவுசெய்கிற வழக்கத்தை அவர் காட்டிவிட்டுப் போனார். நியூ மெக்ஸிகோவின் க்ளோவிஸில் நார்மன் பெட்டியின் ஸ்டூடியோவில் மணிக்கணக்கில் கட்டணம் கிடையாது, அதனால் பொறுமையாகச் சோதித்துப் பார்த்தார்கள். ஒரு பாடலில் டிரம்முக்குப் பதில், குழுவின் டிரம்மர் ஜெரி ஆலிசன் தன் தொடையைத் தட்டியதுதான் தாளம்! 1958 மார்ச்சில் ஹாலியும் குழுவும் பிரிட்டனில் வாசித்தார்கள். அதே வருஷம் லிவர்பூலில் லெனன், மெக்கார்ட்னி, ஹாரிசன் இருந்த, பின்னாளில் பீட்டில்ஸ் ஆன குழு முதன்முதலில் பதிவுசெய்தது ஹாலியின் பாட்டைத்தான். ஹாலியுடைய குழுவின் பெயர் கிரிக்கெட்ஸ், அதாவது சிள்வண்டுகள். பீட்டில்ஸ் என்ற வண்டுப் பெயர் பிறக்கவும் அது தூண்டுதலாக இருந்தது. விபத்துக்கு மூன்று நாள் முன்பு மினசோட்டாவின் டுலூத்தில் ஹாலி வாசித்தபோது கூட்டத்தில் நின்ற பதினேழு வயதுப் பையன், பின்னாளில் பெரிய பாடகரான பாப் டிலன். நோபல் பரிசு பெற்ற பிறகு ஆற்றிய உரையிலும் அந்த இரவைத்தான் நினைவுகூர்ந்தார்.

நான் கிளம்பும் நேரம், அன்றைய இரவு நிகழ்ச்சிக்காக உள்ளூர்ப் பையன்கள் சாமான்களை இறக்கிக்கொண்டிருந்தார்கள். இரண்டு கிடார், ஒரு பேஸ், ஒரு டிரம் செட். கிரிக்கெட்ஸ் வாசித்த அதே நான்கு. மைக்கைச் சோதித்த பையனிடம் யாருடைய பாட்டெல்லாம் வாசிப்பீர்கள் என்று கேட்டேன். "எங்களுடையதுதான்" என்றான்.