மூன்றாம் நாள் வந்த வலி

கீழ்க் கடைவாய் ஞானப்பல்லைப் பிடுங்கிய அன்று எனக்கு அவ்வளவாக வலிக்கவில்லை. இரண்டாம் நாளும் சுமார்தான். மூன்றாம் நாள் ராத்திரி ஆரம்பித்தது பாருங்கள், தாடையில் விண்விண் என்று தெறித்து, காதுக்குள் ஏறி, நெற்றிப்பொட்டு வரை இழுத்தது. வாயில் ஒரு கெட்ட நாற்றம் வேறு. பல் பிடுங்கினால் வலிக்கத்தானே செய்யும் என்று பாராசிட்டமாலைப் போட்டுக்கொண்டு இரண்டு நாள் பல்லைக் கடித்தபடி (மிச்சமிருந்த பல்லைத்தான்) கிடந்தேன். அதுதான் நான் செய்த தப்பு. பிடுங்கிய வலி நாளுக்கு நாள் குறைய வேண்டும், குறைந்துவிட்டுத் திரும்ப ஏறினால் அது வேறு சமாச்சாரம்.

டாக்டர் எட்டிப் பார்த்ததுமே ட்ரை சாக்கெட் என்றார். பல் இருந்த குழியில் உறைந்து மூடியிருக்க வேண்டிய ரத்தக்கட்டி கரைந்தோ கழன்றோ போய், உள்ளே எலும்பு வெறுமனே தெரியும் நிலை. சிகரெட் பிடிப்பவர்களுக்கு அதிகம் வரும், எனக்கு அந்தப் பழக்கம் இல்லை, ஆனாலும் வந்தது. கீழ் ஞானப்பல் என்றாலே வாய்ப்பு கூடுதலாம்.

வைத்தியம் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. சலைன் தண்ணீரைப் பீய்ச்சிக் குழியில் சிக்கியிருந்த உணவுத் துணுக்கைக் கழுவினார், யூஜினால் மருந்து தோய்த்த துணித்துண்டைக் குழிக்குள் மெல்ல வைத்தார், அவ்வளவுதான். யூஜினால் என்பது கிராம்பு எண்ணெயில் இருக்கும் அதே சரக்கு. 1896லேயே இந்த நோய்க்குப் பெயர் வைத்துவிட்டார்கள், இன்னமும் கிராம்புதான் கைகொடுக்கிறது! அரை மணி நேரத்தில் வலி அடங்கியது. அதற்காக நீங்களே எண்ணெயை ஊற்றிக்கொள்ளாதீர்கள், ஈறு வெந்துபோகும்.

ஆன்டிபயாடிக் கேட்டேன், காய்ச்சலோ சீழோ வீக்கமோ இல்லை, தேவையில்லை என்று சொல்லிவிட்டு ஐபுப்ரோஃபென் மட்டும் எழுதினார். வயிற்றுப் புண்ணோ சிறுநீரகக் கோளாறோ உள்ளவர்கள் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். இந்த மருந்து வலியைத்தான் அடக்கும், குழியை ஆற்றுவது உடம்பின் வேலை என்றும் சொன்னார். இரண்டு நாளுக்கு ஒருமுறை என்று மூன்று தடவை துணியை மாற்றினோம். அப்புறம் வலி போய்விட்டது, ஆனால் குழி மூட ஒரு மாதத்துக்கு மேலானது, அதுவரை ஒவ்வொரு முறை சாப்பிட்டதும் ஊசியில்லாத சிரிஞ்சில் வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரை எடுத்துக்கொண்டு கண்ணாடி முன்னால் போய் நிற்பதே வேலையாகிவிட்டது.