கோலிக்குண்டும் ஒயிட்னரும்: ஆப்பிரிக்க அரசியலை நான் படித்த விதம்

2023 ஆகஸ்டில் எழுதிய ஒரு மாதிரித் தேர்வுத் தாளை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன். யுபிஎஸ்சி மெயின்ஸுக்கு அரசியல் அறிவியலை விருப்பப் பாடமாக எடுத்து, தமிழில் எழுதிப் பழகிக்கொண்டிருந்த நேரம். ஆப்பிரிக்காவில் ஜனநாயகத்தின் இன்றைய நிலை பற்றி ஒரு கேள்வி. ஜூலை 26 அன்றுதான் நைஜரில் அதிபர் பசூமை அவருடைய பாதுகாப்புப் படையே சிறைபிடித்திருந்தது. அந்தச் சூட்டோடு எழுதினேன்: ஆப்பிரிக்காவில் ஜனநாயகம் வேர்பிடிக்கவில்லை, காரணம் இனக்குழுப் பூசல், வறுமை, ராணுவம். திருத்திய ஆசிரியர் ஓரத்தில் சிவப்பு மையில் இரண்டே சொல் எழுதியிருந்தார்: "எந்த ஆப்பிரிக்கா?"

அங்கே 54 நாடுகள். என் விடையில் நைஜரைத் தவிர வேறொரு நாட்டின் பெயரும் இல்லை. அந்த ஆண்டு மெயின்ஸில் தேறவில்லை. மறுபடி படிக்க உட்கார்ந்தபோது முதலில் கையில் எடுத்தது இந்தப் பகுதியைத்தான். எப்படிப் படித்தீர்கள் என்று இப்போது தயாராகும் சிலர் கேட்கிறார்கள். அவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதல் வேலை பெயர்கள். சின்ன விஷயம் என்று தோன்றும், ஆனால் தமிழ்வழியில் எழுதுபவர்களுக்கு இங்கேதான் கால் இடறும். மாலி வேறு, மலாவி வேறு. நைஜர் வேறு, நைஜீரியா வேறு. காம்பியா மேற்குக் கரையில், ஜாம்பியா தெற்கே. கினி என்ற பெயரில் மட்டும் மூன்று நாடுகள், காங்கோ என்ற பெயரில் இரண்டு. அவசரத்தில் ஓர் எழுத்து மாறினால் ராணுவ ஆட்சி நாட்டை ஜனநாயக நாடாக்கிவிடுவீர்கள். ஸ்டேஷனரி கடையில் ஆப்பிரிக்காவின் அவுட்லைன் மேப் வாங்கி, பெயர்களைத் தமிழிலேயே எழுதிப் பழகுங்கள். எந்த எழுத்துக்கூட்டலை எடுத்தாலும் கடைசிவரை அதையே வைத்துக்கொள்ளுங்கள்.

அதே மேப்பில் 2020-க்குப் பிறகு ராணுவம் ஆட்சியைப் பிடித்த நாடுகளுக்குச் சிவப்புப் பென்சிலால் நிறம் கொடுத்தேன். மாலியில் 2020-லும் 2021-லும், கினி 2021, சூடான் 2021, புர்கினா பாசோவில் 2022-ல் ஒரே ஆண்டில் இரண்டு முறை, நைஜரும் காபோனும் 2023. சாடில் 2021-ல் அதிபர் போர்முனையில் இறந்ததும் சட்டப்படியான வாரிசை ஒதுக்கிவிட்டு அவருடைய மகனை ராணுவம் அமர்த்தியது, அதையும் சேர்த்தேன். நிறம் கொடுத்து முடித்தபோது அட்லாண்டிக் கரையிலிருந்து செங்கடல் வரை இடைவெளி இல்லாமல் ஒரே சிவப்புப் பட்டை. காபோன் மட்டும் தனியாகக் கீழே. பட்டைக்குத் தெற்கே தாள் பெரும்பாலும் வெள்ளையாகவே இருந்தது. என் பழைய விடையில் இருந்த பிழை எனக்கு அப்போதுதான் கண்ணால் தெரிந்தது. சஹாரா பாலைவனத்தின் தெற்கு விளிம்பான சாஹேல் பகுதியின் கதையை ஒரு கண்டத்தின் கதையாக எழுதியிருக்கிறேன்.

இந்த இடத்தில் ஒரு சொல்லைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நம் செய்தித்தாள்கள் இதை "ராணுவப் புரட்சி" என்று எழுதும். விடைத்தாளில் அப்படி எழுதாதீர்கள். மக்கள் எழுந்தால் புரட்சி. அதிபரின் மெய்க்காவல் படைத் தளபதி அதிபரைப் பூட்டிவைத்தால் அது ஆட்சிக்கவிழ்ப்பு. இரண்டையும் ஒரே சொல்லால் எழுதினால் சிந்தனையும் குழம்பும்.

அப்புறம் நாடுகளை எப்படிப் படிப்பது? ஐம்பத்து நான்கையும் படிக்க முடியாது, தேவையும் இல்லை. ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு எட்டு நாடுகளை எடுத்தேன். ஆட்சியில் இருப்பவர் தேர்தலில் தோற்றால், அடுத்த நாள் அங்கே என்ன நடக்கிறது? ஒவ்வொரு நாட்டுக்கும் நோட்டில் ஒரு பக்கம், அதற்கு மேல் இல்லை.

எனக்கு மிகவும் பிடித்த பக்கம் காம்பியா. அங்கே பல பத்தாண்டுகளாக வாக்குச்சீட்டுக்குப் பதில் கோலிக்குண்டுதான். வேட்பாளருக்கு ஒரு உலோக டிரம், அவருடைய கட்சி நிறத்தில், படத்தோடு. வாக்காளர் தன் கோலியைத் துளைக்குள் போட்டதும் உள்ளே மணி ஒருமுறை ஒலிக்கும். இரண்டாவது சத்தம் கேட்டால் யாரோ இரண்டு வாக்குப் போட்டார்கள் என்று தெரிந்துவிடும். 1994-ல் ஆட்சியைக் கவிழ்த்து வந்து 22 ஆண்டுகள் ஆண்ட யாஹ்யா ஜமேவை 2016 டிசம்பரில் இந்தக் கோலிகள்தான் தோற்கடித்தன. முதலில் தோல்வியை ஒப்புக்கொண்டவர், ஒரு வாரத்தில் மறுத்தார். வென்ற அடாமா பாரோ பக்கத்து நாடான செனகலில், காம்பியத் தூதரகத்துக்குள் பதவியேற்க வேண்டியிருந்தது. மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் கூட்டமைப்பான எகோவாஸ் படைகளை எல்லை தாண்டி அனுப்பிய பிறகே ஜமே நாட்டை விட்டுப் போனார். மண்டல அமைப்பு உறுதியாக நின்றால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குக் கிடைக்கவில்லை.

அடுத்தது மலாவி. 2019 தேர்தலில் பீட்டர் முத்தாரிகா வென்றதாக அறிவித்தார்கள். ஆனால் முடிவுத் தாள்கள் பலவற்றில் எண்கள் ஒயிட்னரால் அழித்துத் திருத்தப்பட்டிருந்தன. நாம் பள்ளியில் நோட்டில் பூசிய அதே ஒயிட்னர். மாதக்கணக்கில் மக்கள் தெருவில் நின்றார்கள். வழக்கைக் கேட்ட ஐந்து நீதிபதிகள் ராணுவப் பாதுகாப்போடு நீதிமன்றத்துக்கு வந்து, 2020 பிப்ரவரி 3 அன்று மணிக்கணக்கில் தீர்ப்பை வாசித்துத் தேர்தலை ரத்து செய்தார்கள். 2017-ல் கென்ய உச்ச நீதிமன்றமும் ரத்து செய்தது, ஆனால் மறுதேர்தலில் பழைய அதிபரே வந்தார். மலாவியில் ஜூனில் நடந்த மறுதேர்தலில் எதிர்க்கட்சியின் லாசரஸ் சக்வேரா வென்றார். ஏழை நாட்டில் ஜனநாயகம் நிற்காது என்று நான் எழுதியிருந்தேனே, உலகின் மிக ஏழை நாடுகளில் ஒன்று மலாவி. இந்தப் பக்கத்தைப் படித்த அன்று என் பழைய வாக்கியத்தை நினைத்து உண்மையிலேயே வருந்தினேன்.

செனகல், கானா, தென்னாப்பிரிக்கா ஆகியவற்றைச் சுருக்கமாக வைத்துக்கொள்ளலாம். செனகலில் 2024 பிப்ரவரியில் அதிபர் மேக்கி சால் தேர்தலைத் தள்ளிவைக்கப் பார்த்தார். அரசியலமைப்பு மன்றம் அதைச் செல்லாது என்றது. மார்ச்சில் தேர்தல் நடந்தது. பத்து நாள் முன்பு சிறையிலிருந்து வெளியே வந்த பஸ்ஸிரு ஜொமாய் ஃபாய் முதல் சுற்றிலேயே வென்றார். தென்னாப்பிரிக்காவில் அதே ஆண்டு மே மாதம் ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ் 1994-க்குப் பிறகு முதன்முறையாகப் பெரும்பான்மை இழந்து 40 சதவீதத்தில் நின்றது. முடிவை ஏற்றுக் கூட்டணி அமைத்தது. கானாவில் 1992 அரசியலமைப்புக்குப் பிறகு இரண்டு பெரிய கட்சிகள் மாறி மாறி ஆண்டுவருகின்றன.

தோற்கவே விடாத நாடுகளுக்கும் இரண்டு பக்கம் ஒதுக்குங்கள். உகாண்டாவில் முசவேனி 1986 முதல் இருக்கிறார். 2005-ல் பதவிக்கால வரம்பு போனது, 2017-ல் வயது வரம்பும் போனது. டோகோவில் ஒரே குடும்பம் 1967 முதல் ஆள்கிறது; 2024-ல் அரசியலமைப்பையே மாற்றி, நேரடித் தேர்தல் இல்லாத பதவிக்கு அதிகாரத்தை நகர்த்திவிட்டார்கள். இங்கெல்லாம் தேர்தல் தவறாமல் நடக்கிறது. தேர்தல் நடப்பதையும் ஜனநாயகம் இருப்பதையும் ஒன்றாக எழுதும் விடைகளுக்கு இந்த இரண்டு நாடுகளே பதில்.

தோற்கவே விடாத நாடுகளையும் ராணுவம் பிடித்த நாடுகளையும் இணைக்கும் கண்ணி கினி. அதை விட்டுவிடாதீர்கள். 2010-ல் தேர்தலில் வென்று வந்த அல்ஃபா கொன்டே, 2020-ல் அரசியலமைப்பை மாற்றி மூன்றாவது முறை நின்றார். எகோவாஸ் தடுக்கவில்லை. அடுத்த ஆண்டு ராணுவம் அவரைக் கவிழ்த்தபோது தலைநகர் கோனக்ரியில் மக்கள் தெருவில் கொண்டாடினார்கள். பேனாவால் நடந்த கவிழ்ப்பைப் பார்த்துக்கொண்டிருந்த அமைப்பு, துப்பாக்கியால் நடந்ததற்கு மட்டும் தடை விதித்தபோது அதன் சொல்லுக்கு எடை இல்லாமல் போனது. மாலி, புர்கினா பாசோ, நைஜர் மூன்றும் 2025 ஜனவரியில் எகோவாஸை விட்டே வெளியேறிவிட்டன. காம்பியாவில் நின்றதும் இதே அமைப்புதான் என்று பக்கத்தில் எழுதினால், உங்கள் விடைக்குள் ஒரு வாதம் வந்துவிடும். தீவிரவாதத் தாக்குதல்களை அரசால் தடுக்க முடியாமல் போனது, பிரான்ஸ் மீதான கோபம் ஆகியவற்றையும் சேருங்கள். ஆனால் இந்தக் கண்ணி இல்லாமல் அவை வெறும் பட்டியல்.

புள்ளிவிவரம் நிறைய மனப்பாடம் செய்ய வேண்டாம். நான் இரண்டே எண்களை வைத்திருந்தேன். ஆஃப்ரோபாரோமீட்டர் என்ற ஆய்வு அமைப்பு 39 ஆப்பிரிக்க நாடுகளில் நடத்திய கருத்துக்கணிப்பில் 66 சதவீதம் பேர் மற்ற எந்த ஆட்சிமுறையையும்விட ஜனநாயகமே வேண்டும் என்றார்கள். அதே ஆய்வில் 53 சதவீதம் பேர், தேர்ந்தெடுத்த தலைவர்கள் அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்தினால் ராணுவம் வரலாம் என்றார்கள். இரண்டையும் சேர்த்தே எழுதுங்கள். முதல் எண்ணை மட்டும் எழுதினால் விடை அசட்டு நம்பிக்கையாகிவிடும், இரண்டாவதை மட்டும் எழுதினால் என் 2023 விடையாகிவிடும்.

இந்தியா தொடர்பான கேள்வியாக வந்தாலும் இதே பக்கங்கள் உதவும். 2023 செப்டம்பரில் டெல்லி மாநாட்டில் ஆப்பிரிக்க ஒன்றியம் ஜி20-ல் சேர்ந்ததை எல்லோரும் எழுதுவார்கள். ஆட்சிக்கவிழ்ப்பு நடந்த நாடுகளை அதே ஒன்றியம் இடைநீக்கம் செய்கிறது என்பதையும், அதற்கு 2000-ம் ஆண்டு லோமே பிரகடனம் அடிப்படை என்பதையும் சேர்த்து எழுதுபவர்கள் குறைவு.

2024 மெயின்ஸ் முடிந்து நேர்முகத் தேர்வுக்குக் காத்திருந்தபோது, அக்டோபர் 30 அன்று போட்ஸ்வானாவில் தேர்தல். 1966-ல் விடுதலை பெற்ற நாளிலிருந்து 58 ஆண்டுகள் ஆண்ட கட்சி, தேர்தல் நடந்த 61 இடங்களில் நான்கை மட்டும் பிடித்தது. முழு எண்ணிக்கை முடியும் முன்பே அதிபர் மசிசி தோல்வியை ஒப்புக்கொண்டு, வென்ற டூமா போகோவிடம் ஆட்சியை ஒப்படைப்பதாக அறிவித்தார். நேர்முகத்தில் ஆப்பிரிக்கா பற்றி ஒரு கேள்வி வந்தபோது நான் தொடங்கியது இங்கிருந்துதான்.

உங்கள் நோட்டில் ஒவ்வொரு நாட்டுப் பக்கத்தின் அடியிலும் கால் பக்கம் வெறுமையாக விடுங்கள், செய்தி வந்துகொண்டே இருக்கும். 2025 அக்டோபரில் மடகாஸ்கரையும் நவம்பரில் கினி-பிசாவையும் என் மேப்பில் சிவப்பாக்க வேண்டிவந்தது. மலாவிப் பக்கத்தின் அடியிலும் இரண்டு வரி சேர்த்தேன்: 2025 செப்டம்பர் தேர்தலில் சக்வேரா தோற்றார், அதிகாரப்பூர்வ முடிவு வரும் முன்பே ஒப்புக்கொண்டார். வென்றவர் முத்தாரிகா, இந்த முறை ஒயிட்னர் இல்லாமல்.